தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் காயத்தின் பின் நிகழும் தற்கொலையும்

‘வேலையிலிருந்து எழுந்ததும் வேலையின்போது நிகழ்ந்ததுமான விபத்து’ என்னும் சொற்றொடர் 1897 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் உயிர்நிலையாக அமைந்தது. அங்கிருந்து அது 1923 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திற்கும், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலங்கைக் கட்டளைச்சட்டத்திற்கும், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டங்களுக்கும் சிற்சில மாற்றங்களோடு சென்று குடியேறிற்று. ஒரு மூச்சிற் சொல்லி முடிக்கத்தக்க இத்தொடருக்குப் பொருள் காண்பதற்கென எழுந்த தீர்ப்புக்களைத் தொகுத்தால் ஒரு நூல்நிலையத்தின் பல தட்டுக்கள் நிரம்பிவிடும். அத்தீர்ப்புக்களுள் ஒரு சிறு பகுதியே ஈண்டு ஆராயப்படுவது. சிறுபகுதியேயாயினும், சட்டம் மனிதனின் உள்ளத்தைப் பற்றி யாது கருதுகின்றது என்பதை அது காட்டுவதுபோல வேறெதுவும் காட்டுவதில்லை.

தொழிலாளி ஒருவர் பொறியில் அகப்பட்டுக் கையை இழக்கின்றார் என்று கொள்வோம். புண் ஆறுகின்றது; ஆயினும் உறக்கம் திரும்புவதில்லை. வலி நீங்குவதில்லை. முன்னர்ச் சிரித்துப் பேசியவர் வாய்மூடி மூலையில் அமர்ந்துவிடுகின்றார். சில திங்கள் கழிந்தபின் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றார். அவருடைய மனைவி நட்டஈடு கேட்டு வருகின்றாள். “விபத்து அவருடைய கையையே போக்கிற்று, உயிரைப் போக்கியவர் அவரே. கைக்குரிய பணத்தை நாம் கொடுத்தாயிற்று,” என்கின்றார் தொழில்கொள்வோர். இருவருள் யார் கூற்றுச் சட்டத்துக்கு இயைபுடையது?

இவ்வினாவின் கூர்மையை உணர்வதற்கு, நட்டஈட்டுச் சட்டம் எதனை ஒழிக்க எழுந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1837 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே இறைச்சி வணிகர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி முறிந்து வீழ்ந்தமையாற் தொடையெலும்பு முறியப்பெற்றார். அவர் தம் முதலாளிமீது தொடுத்த வழக்கைத் தள்ளிவிட்ட அபிஞ்ஜர் பிரபு, வேலையின் இடர்களை வேலையாளே ஏற்றுக்கொண்டவராவர் என்னும் போக்கிலே தீர்ப்புக் கூறினார். அத்தீர்ப்பு வித்தாக, உடன்வேலையாளின் கவலையீனத்துக்கு முதலாளி பொறுப்பாளியல்லர் என்னும் கோட்பாடு முளைத்து ஓங்கி வளர்ந்தது. காயம்பட்டவரிடத்தும் சிறிது கவலையீனம் இருந்ததாயின் அவருக்கு ஒன்றுமில்லை. இடரை அறிந்தே வேலைக்குச் சேர்ந்தாராயின் அப்போதும் ஒன்றுமில்லை. இம்மூன்று கேடயங்களையும் ஏந்தி நின்ற முதலாளியை வழக்கிலே வெல்லுதல் எளிதன்று. 1880 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கேடயங்களை ஓரளவு தேய்த்ததேயன்றிப் பறிக்கவில்லை.

ஜேர்மனியிலே பிஸ்மாக் 1884 இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் யோசேப் சேம்பர்லேன் முன்னின்று முயன்றதன் பயனாக 1897 ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அதனை ஓர் ஒப்பந்தம் எனலாம். தொழிலாளி முழு இழப்பையும் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார். முதலாளி, ‘பிழை யாருடையது?’ என்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார். தொழிலாளி இறந்தால் அவரிற் தங்கிவாழ்வோருக்கு மூன்றாண்டு ஊதியம் அல்லது 150 பவுண், இவற்றுள் எது கூடியதோ அது, 300 பவுணுக்கு மேற்படாமற் கொடுக்கப்படும். வேலைசெய்ய இயலாதிருந்தாற் பாதிக் கூலி, வாரத்துக்கு ஒரு பவுணுக்கு மேற்படாமற் கொடுக்கப்படும். தொகை சிறிது; ஆயினும் பிழை பற்றிய ஆராய்ச்சி இல்லை. 1906 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தொழிலாளி வேண்டுமென்றே விதிகளை மீறி நடந்து அதனால் விபத்து நேர்ந்தாலும், அது மரணத்திலோ கடுமையான நிரந்தர ஊனத்திலோ முடிந்ததாயின் நட்டஈடு மறுக்கப்படலாகாது என்று அது விதித்தது. இறந்தவரின் குற்றத்துக்கு அவர் பிள்ளைகளைப் பட்டினி போடுதல் தகாது என்பதே இதன் கருத்தாதல் வேண்டும். பின்னாளில் இந்தியச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றிற்று. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. மேலே வருவனவற்றோடு இதனை ஒப்பிட வேண்டியிருக்கும்.

சட்டம் இவ்வாறு தாராளமாயிருக்க, தற்கொலை வழக்குக்கள் வந்தபோது நீதிமன்றங்கள் தயங்கின. தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அக்காலத்து ஆங்கிலச் சட்டத்திலே தற்கொலை ஒரு குற்றம். அந்நிலை 1961 இலேயே மாறிற்று. குற்றம் ஒன்றின் பயனாகப் பணம் பெறுதல் எங்ஙனம் பொருந்தும் என்னும் எண்ணம் நீதிபதிகளின் உள்ளத்திலே கிடந்திருத்தல் இயல்பே. ஆதலின் முதலாம் உலகப்போர்க் காலத்து ஆங்கில நீதிபதிகள் நுண்ணிய கோடு ஒன்றை வரைந்தனர். விபத்தே நேராகப் பித்தை உண்டாக்கி அப்பித்தினாலே தொழிலாளி இறந்தாராயின், மரணம் விபத்தின் விளைவு. ஆனால் நேர்ந்துவிட்ட விபத்தை எண்ணியெண்ணிக் குமைந்து, அக்குமைச்சலாற் சித்தம் கலங்கி இறந்தாராயின், மரணம் குமைச்சலின் விளைவேயன்றி விபத்தின் விளைவன்று.

இக்கோட்டை வரைந்தவர்கள் கூர்த்த மதியினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரு கால்களையும் இழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் கட்டிலிற் கிடந்து தம் கால்களைப்பற்றி எண்ணாது வேறெதனை எண்ணுவார்? விபத்தும் விபத்தைப்பற்றிய துயரமும் வெவ்வேறு பொருள்கள் என்று கூறுதல், நெருப்பு வேறு சூடு வேறு என்று கூறுவதை ஒக்கும். நெருப்பு மூட்டினவன் சூட்டுக்குப் பொறுப்பாளியல்லன் என்று கூற எவரும் துணியார்.

அமெரிக்காவிலே இவ்வினா 1915 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தின்முன் வந்தது. தொழிலாளி ஒருவரின் கண்ணிலே உருகிய ஈயம் தெறித்தது. வைத்தியசாலையிற் கிடந்து சிகிச்சை பெற்றுவந்த அவர், சில நாட்களுள் அறிவு திரிந்து, சாளரத்தின் வழியே வெளியே பாய்ந்து இறந்தார். கைத்தொழில் விபத்துச் சபை அவர் மனைவிக்கு நட்டஈடு வழங்க, காப்புறுதிக் கம்பனி மேன்முறையீடு செய்தது. தலைமை நீதியரசர் ஆதர் றக் எழுதிய தீர்ப்பு மனைவிக்குச் சார்பாகவே அமைந்தது. இறந்தவரின் பெயரால் ‘ஸ்பொனற்ஸ்கி விதி’ என்று சட்ட நூல்களில் வழங்குவது இத்தீர்ப்பிற் பிறந்ததேயாகும்.

அவ்விதி இரண்டு கூறுகளையுடையது. காயத்தின் நேரான விளைவாக வன்மைமிக்க பித்து உண்டாகி, அடக்கவொண்ணா உந்துதலினாலோ வெறியின் மயக்கத்தினாலோ, சாகவேண்டும் என்னும் நினைவான விருப்பமின்றித் தொழிலாளி தம்மை மாய்த்துக்கொண்டாராயின், காயத்துக்கும் சாவுக்கும் இடையேயுள்ள காரணத்தொடர் அறாது, நட்டஈடு உண்டு. ஆனால் தாம் செய்வது இன்னது, அதனால் விளைவது இன்னது என்று ஓரளவேனும் அறியவல்ல மனத்தோடு அவர் சாவைத் தெரிந்துகொண்டாராயின், அம்மனம் நோயுற்றதாயினும், அத்தெரிவு புதியதொரு காரணமாய்க் குறுக்கே நின்று தொடரை அறுத்துவிடும், நட்டஈடு இல்லை.

இத்தீர்ப்பிலே புதுமை ஒன்று உண்டு. நட்டஈட்டுச் சட்டத்தில் விளைவை முன்கூட்டி அறியமுடியுமா என்னும் கேள்விக்கு இடமில்லை, காயத்திலிருந்து சாவு வரையுள்ள காரணத்தொடரை மட்டுமே நோக்குதல் வேண்டும் என்று றக் நீதியரசர் தெளிவாகவே கூறினார். கூறிய அவரே, அத்தொடரை அளப்பதற்கு எடுத்த அளவுகோலை எங்கிருந்து பெற்றார் எனின், 1903 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்த்த ஓர் இருப்புப்பாதை விபத்து வழக்கிலிருந்து பெற்றார். அவ்வழக்கோ கவலையீனத்தின்மேல் எழுந்த பழைய முறை வழக்கு. பிழையை வாயில் வழியே வெளியேற்றிய சட்டத்தினுள்ளே அது பின்கதவால் நுழைந்த விதம் இதுவேயாகும். முன்னர், ‘முதலாளி பிழை செய்தாரா?’, ‘உடன்வேலையாள் பிழை செய்தாரா?’ என்று கேட்கப்பட்டது. இப்போது, ‘இறந்தவர் அறிந்து செய்தாரா?’ என்று கேட்கப்படுகின்றது. குற்றவாளிக் கூண்டிலே நிற்பவர்தாம் மாறியுள்ளார்.

குற்றவாளிக் கூண்டு என்றது வெறும் உவமையன்று. 1843 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட மக்நோட்டன் விதிகள், கொலைசெய்தவன் தன் செயலின் இயல்பை அறிந்திருந்தானா, அது தவறென்பதை அறிந்திருந்தானா என்று கேட்பன. ஸ்பொனற்ஸ்கி விதியின் இரண்டாங் கூறு இக்கேள்வியின் நிழலாகவே தோற்றுகின்றது. தூக்குமேடைக்கு அனுப்பலாமா என்பதை நிருணயிக்க ஆக்கப்பட்ட கேள்வியை, விதவையொருத்திக்குக் கூலிப்பணத்தின் ஒரு பகுதியைக் கொடுக்கலாமா என்பதை நிருணயிக்கப் பயன்படுத்துவது தகுமா என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இவ்விதியால் விளைந்த முறைகேடுகள் பல. கூச்சலிட்டு, ஆடை கிழித்து, வெறிபிடித்து இறந்தவரின் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். அமைதியாய், கடிதம் ஒன்று எழுதிவைத்து, மனைவியின் பெயருக்குக் கணக்கை மாற்றி, பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடையாது. பின்னையவரின் நோய் முன்னையவரினதினும் சிறிதென்று எந்த வைத்தியர் கூறுவார்? கடும் மனச்சோர்வு என்னும் நோயின் தன்மையே அறிவை அழியாதுவிட்டு அவ்வறிவு காணும் உலகை இருளச்செய்வதாம். நோயாளி கணக்குப் பார்ப்பார், வழி கேட்டு நடப்பார், வினாவுக்கு விடை சொல்வார். ஆனால் தாம் பிறருக்குப் பாரம் என்னும் ஒரே எண்ணம் அவருடைய கணக்குக்களையெல்லாம் பிழையாக்கிவிடும். அறிவு இருந்தது என்பதனாலே தெரிவு இருந்தது என்று கொள்ளுதல் ஈண்டுப் பொருந்தாது.

இன்னுமொன்று. இவ்விதியின்கீழ் வழக்கை வெல்லவேண்டுமாயின், மனைவியானவள் மன்றிலே நின்று தன் கணவன் பைத்தியமாயிருந்தான் என்று சாட்சி சொல்லுதல் வேண்டும். அவள் எத்துணைக்கு அவரை இழிவாகச் சித்திரிக்கின்றாளோ அத்துணைக்கு வழக்கு வலுப்பெறும். ‘கடைசிவரை எம்மை நினைந்தே இருந்தார்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டாற் பணம் போயிற்று.

தெரிவு என்பது உண்மையிலே எத்தகையது என்பதைக் காணத் தமிழர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டுண்டு. வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற் புண்பட்டான். புறப்புண்ணுக்கு நாணி வாளோடு வடக்கிருந்து உயிர்துறந்தான். புறநானூற்றிலே கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் இதனைப் பாடியுள்ளனர். புண்ணில்லையேல் அச்சாவு இல்லை. எனினும் அது புண்ணால் வந்த சாவு என்று எவரும் சொல்வதில்லை. மன்னன் தெளிந்த உள்ளத்தோடு, தன் குலத்தின் மரபு இது என்று அறிந்து, பலர் அறிய அமர்ந்து, அதனை மேற்கொண்டான். காரணத்தொடரைத் தன் விருப்பத்தால் அறுத்தல் என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. ஈயம் தெறித்த கண்ணோடு வைத்தியசாலையிலே பிதற்றியவரும், இயந்திரத்தில் அடிபட்டு ஆண்டுக்கணக்காய் உறங்காதவரும் இம்மன்னன் இருந்த திசையில் இருப்பவரல்லர். அவர்களையும் அவனையும் ஒரே சொல்லாற் குறிப்பது மொழியின் வறுமை. அச்சொல்லை வைத்தே வழக்குத் தீர்ப்பது சட்டத்தின் வறுமை.

அமெரிக்காவிலே இவ்விதி அரை நூற்றாண்டு ஆட்சி செலுத்திற்று. ஆர்தர் லார்சன் என்பார், ஐசனோவர் அரசாங்கத்திலே தொழிற்றுறை உபசெயலாளராயிருந்தவர், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பற்றி 1952 இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூலில் இதனைக் குறைகண்டு எழுதினார். செயலின் தன்மையை இறந்தவர் அறிந்தாரா என்பதன்று கேள்வி. காயமும் அதனால் வந்த வலியும் மனநோயும் இல்லாதிருந்தால் அவர் அதனைச் செய்திருப்பாரா என்பதே கேள்வி என்பது அவர் கொள்கை. 1965 ஆம் ஆண்டில் அரிசோனா மாநில உயர் நீதிமன்றம் கிரேவர் தாங்கி உற்பத்திக் கம்பனி வழக்கில் ஸ்பொனற்ஸ்கி விதியைக் கைவிட்டு இப்புதிய அளவுகோலை ஏற்றது. அரிசோனாச் சட்டமோ, வேண்டுமென்றே தனக்குத்தானே விளைத்துக்கொண்ட காயத்துக்கு நட்டஈடு இல்லை என்று வெளிப்படையாகக் கூறுவது. அங்ஙனமிருந்தும், காயத்தால் சிதைந்த மனத்திலே ‘வேண்டுமென்றே’ என்னும் சொல்லுக்கு இடமில்லை என்று நீதிமன்றம் கண்டது. பின்னர் மாநிலங்கள் ஒவ்வொன்றாக இவ்வழிக்கு வந்தன; பெரும்பான்மையானவை இன்று இப்பக்கத்தே நிற்கின்றன. விதி பிறந்த மசச்சூசெற்ஸிலும் சட்டசபை தலையிட்டு, காயத்தின் காரணமாகத் தம் செயலுக்குப் பொறுப்பேற்கவியலாத அளவுக்கு மனம் கெட்டிருந்தவரின் தற்கொலைக்கு நட்டஈடு உண்டு என்று சட்டத்திலே ஒரு பிரிவைச் சேர்த்தது. யப்பானிலும் இதையொத்த தடை இருந்தது. வேண்டுமென்றே விளைத்த மரணத்துக்குக் காப்புறுதிப் பணம் இல்லை என்னும் பிரிவு, வேலையால் வந்த மனநோயிலே இறந்தவர்மேற் பாயாது என்று 1999 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொழில் அமைச்சு அறிவித்தது. அங்கே அளவுகடந்த வேலைப்பளுவே முதன்மையான பிரச்சினையாதலின் அதனை விரிக்காது விடுவோம்.

இங்கிலாந்தின் கதை வேறு வழியிற் சென்றது. 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் தேதி தொடக்கம் அங்கே பழைய நட்டஈட்டு முறை ஒழிந்து, அரசாங்கக் காப்புறுதி முறை வந்தது. அதன்பின் தற்கொலை பற்றிய பெரிய வழக்குக்கள் கவலையீன வழக்குக்களாகவே எழுந்தன. 1957 இல் பொயின்ற்றர் போக்குவரத்து நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலே பில்ச்சர் நீதிபதி ஒரு துணிவான தீர்ப்பைக் கூறினார். தலையிற் காயம்பட்டு மனச்சோர்வுற்று ஒன்றரை ஆண்டின் பின் தம்முயிரை மாய்த்த தொழிலாளி, மக்நோட்டன் விதிப்படி பித்தரல்லர் என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதி, அவ்வாறாயினும் அக்காயம் இல்லையேல் அவர் அவ்வாறு செய்திருக்கமாட்டார் என்று கண்டு, மனைவிக்குச் சார்பாகத் தீர்த்தார். தற்கொலை குற்றமாக இருந்த காலத்திலேயே இது நடந்தது என்பது நோக்கற்பாலது.

இத்துறையிலே மிக உயர்ந்த மன்றின் தீர்ப்பு வருவதற்கு மேலும் ஐம்பதாண்டு செல்லவேண்டியிருந்தது. லூற்றன் நகரிலே வாகனத் தொழிற்சாலையொன்றிற் பராமரிப்புப் பொறியியலாளராயிருந்த ஒருவர் 1996 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தகடுகளை அழுத்தும் இயந்திர வரிசையொன்றின் பழுதைத் திருத்திக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் தானியங்கும் கை முன்னறிவித்தலின்றித் தகடொன்றைப் பற்றியெடுத்து அவரை நோக்கி வீசிற்று. அவர் தலையைச் சட்டென்று ஒருபுறம் திருப்பினார். திருப்பாதிருந்தால் தலையே போயிருக்கும். வலக்காதின் பெரும்பகுதி போயிற்று. காதை மீள அமைக்கச் சத்திரசிகிச்சை பலமுறை நடந்தது. முகத்தின் உருக்குலைவு, ஓயாத் தலைவலி, கனவிலே மீண்டும் மீண்டும் வரும் அத்தகடு, இவற்றோடு கடும் மனச்சோர்வும் சேர்ந்தது. விபத்துக்கு முன் மனநோய் என்பதே அவருக்கு இருந்ததில்லை. 2002 ஆம் ஆண்டு மே மாதத்தில், விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்தபின், தம்முயிரைத் துறந்தார்.

தொழில்கொள்வோரான ஐ.பி.சி. வாகன நிறுவனம் விபத்துக்கும் மனச்சோர்வுக்கும் பொறுப்பேற்றது. சாவுக்கு மட்டும் ஏற்க மறுத்தது. முதல் மன்றிலே மனைவி தோற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே ஒரு நீதிபதி மாறுபட, பெரும்பான்மையால் வென்றார். 2008 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் பிரபுக்கள் சபை அவ்வெற்றியை உறுதிசெய்தது. பிங்ஹாம் பிரபுவின் நியாயம் எளியது, ஆதலால் வலியது. காரணத்தொடரை அறுக்கவல்லது சித்தம் தெளிந்த ஒருவர் விளைவை அறிந்து தாமாக விரும்பிச் செய்யும் செயலேயாகும். இங்கே செயல் நோயின் விளைவு, நோயோ முதலாளியின் கவலையீனத்தின் விளைவு. கடும் மனச்சோர்வு தற்கொலையில் முடிதல் அருமையன்று. எனவே மனச்சோர்வுக்குப் பொறுப்பேற்றவர், ‘இம்முடிவை எதிர்பார்க்கவில்லை’ என்று கூறித் தப்பவியலாது.

ஆயினும் அச்சபையிலும் பழைய வினாவின் ஆவி முற்றாக அடங்கிற்றில்லை. இறந்தவரும் தம் சாவுக்கு ஓரளவு பொறுப்பாளியாகலின் நட்டஈட்டுத் தொகையில் ஐந்திலொரு பங்கைக் கழித்தல் வேண்டும் என்று ஸ்கொற் பிரபு கருதினார். பெரும்பான்மையோர் இவ்வழக்கிலே கழிக்க இசையவில்லை. எனினும் வேறொரு வழக்கிலே கழிக்க இடமுண்டாகலாம் என்னும் கருத்தும் சபையில் எழாமலில்லை. கவலையீன வழக்கிலே பிழையைப் பங்கிடுதல் வழக்கம். அங்கே அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. பிழையைக் கேளாத நட்டஈட்டுச் சட்டத்திலே அக்கழிவுக்கு ஏது இடம்? வேண்டுமென்றே காவற்கம்பியை நீக்கிவிட்டு இறந்த தொழிலாளியின் மனைவிக்கு முழுத்தொகை கொடுக்கும் சட்டம், வலிதாங்காது இறந்தவரின் மனைவியிடம் மட்டும் கணக்குக் கேட்குமாயின் அது தன்னோடு தானே முரண்படுவதாகும். முன்னே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே.

கொள்கை இவ்வாறாக, நடைமுறையிலே வழக்கு வெல்லுவதும் தோற்பதும் சாட்சியத்தாலேயாம். இந்தியச் சட்டத்தின்கீழ் எழுந்த ஒரு வழக்கு இதனை நன்கு காட்டும். 1961 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே ‘துவாரகா’ என்னும் கப்பல் பாரசீகக் குடாப் பக்கத்தே சென்றுகொண்டிருந்தது. அதில் வேலைசெய்த கப்பலோட்டி ஒருவர் நெஞ்சுவலி என்று முறையிட்டார். சோதித்ததில் நோயொன்றும் காணப்படவில்லை. இரண்டு நாள் கழித்து நெஞ்சுவலியோடு உறக்கமும் இல்லையென்றார், குளிகை கொடுக்கப்பட்டது. மறுநாள் அதிகாலை இரண்டரை மணியளவில் மேற்றளத்தருகே நின்றவரைக் கண்டு திருப்பியனுப்பினர். மூன்று மணிக்கு, தாம் படுக்கப்போவதாக ஒருவரிடம் சொன்னார். ஆறேகாலுக்கு அவரைக் காணவில்லை. உடல் கிடைக்கவேயில்லை.

பம்பாயிலே ஆணையாளர் கோரிக்கையைத் தள்ளினார். உயர் நீதிமன்றம் ஏற்றது. 1969 இல் இந்திய உச்ச நீதிமன்றம் மக்கினன் மக்கென்சி கம்பனிக்குச் சார்பாக மீண்டும் தள்ளிற்று. தவறி வீழ்ந்தாரா, தாமே வீழ்ந்தாரா, வேறேதும் நேர்ந்ததா என்று காட்டச் சான்றில்லை. வேலையிலிருந்து எழுந்த விபத்து என்பதை நிறுவும் பாரம் கோருபவரைச் சார்ந்தது என்பது தீர்ப்பின் சாரம். நேரிற் கண்ட சாட்சி வேண்டியதில்லை, சூழ்நிலையிலிருந்து ஊகித்தாலே போதும் என்று அம்மன்று கூறியதும் உண்மையே. ஆனால் ஊகத்துக்கு அடிப்படையாக இருந்தவை மருத்துவக் குறிப்பேட்டின் சில வரிகளும் இருவர் மூவர் இரவிற் கண்டதும் மட்டுமே. தற்கொலை காரணத்தொடரை அறுக்குமா என்னும் நுட்பமான வினா அங்கே எழவேயில்லை. கடல் அதற்கு இடம் வைக்கவில்லை.

இலங்கைக் கட்டளைச்சட்டத்தின் மூன்றாம் பிரிவும் அதே சொற்றொடரையே கொண்டிருத்தலின், மேற்கூறிய தீர்ப்புக்கள் யாவும் எம் ஆணையாளர்முன் வாதிப்பவர்க்குப் பயன்படக்கூடியனவே; அவை கட்டுப்படுத்தும் அதிகாரமுடையனவல்ல என்பது வேறு. ஆயினும் எம்நாட்டிலே சாட்சியத்துக்கு நீண்டகாலமாக மற்றொரு தடை இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 302 ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி தண்டிக்கத்தக்க குற்றமாயிருந்தது; அப்பிரிவு 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அதுவரை, காயம்பட்ட தொழிலாளி ஒருவர் ஒருமுறை முயன்று பிழைத்தாராயின், அவரும் குடும்பத்தாரும் வைத்தியரிடம் உண்மையை மறைப்பதற்குத் தக்க காரணம் இருந்தது. பின்னர் அவர் இறந்துபோனால், நோய் எப்போது தொடங்கிற்று, எவ்வாறு முற்றிற்று என்று காட்டவேண்டிய அக்குறிப்பே வைத்தியசாலைப் பதிவில் இராது. லூற்றன் வழக்கிலே மனைவி வென்றது பிரபுக்களின் கல்வியால் மட்டுமன்று. ஆறாண்டுகளாக வைத்தியர்கள் எழுதிவைத்த குறிப்புக்களாலுமாம். எம் வைத்தியசாலைகளிற் கைமுறிந்து வருபவரின் துண்டிலே எலும்பு எங்கே முறிந்தது, எத்தனை நாள் ஓய்வு என்று எழுதப்படுகின்றது. அவர் எத்தனை இரவு உறங்கவில்லை என்று கேட்டு அதே துண்டில் ஒரு வரி எழுதுவதற்கு இன்று சட்டத்திலே தடையொன்றுமில்லை. அவ்வரியே பின்னொருநாள் ஆணையாளரின் மேசைமேல் வைக்கப்படும் முதற் சான்றாகவும் இருத்தல் கூடும்.